முனையில் முடிவிலி: முப்பரிமாணப் பொருள்களின் மின்புலத்தைக் கணினியில் கணக்கிடுவது

ஒரு மீட்டர் ஆரமுள்ள உலோகக் கோளத்தின் மின்தேக்குத்திறன் (ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு மின்னூட்டம் ஏறும் என்ற அளவு) எவ்வளவு என்று கேட்டால், பிளஸ் டூ மாணவர் ஒரே வரியில் சொல்லிவிடுவார்: 111.265 பைக்கோஃபாரட். அதே கேள்வியை ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தைப் பற்றிக் கேட்டால் பேராசிரியரும் கணினியைத்தான் திறக்க வேண்டும். கனசதுரத்தின் மின்தேக்குத்திறனுக்கு எளிய வாய்பாடு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. எண் மட்டும் தெரியும்: 73.51 பைக்கோஃபாரட்.

அந்த எண் நம்பத் தக்கதா என்று கையாலேயே ஓரளவு சோதித்துவிடலாம். ஒரு கடத்திக்குள் முழுதாக அடங்கிவிடும் இன்னொரு கடத்திக்கு மின்தேக்குத்திறன் குறைவாகவே இருக்கும். நம் கனசதுரத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய கோளத்தின் ஆரம் 0.5 மீட்டர், அதன் மின்தேக்குத்திறன் 55.6 பைக்கோஃபாரட். எட்டு மூலைகளையும் தொட்டுச் சூழ்ந்து நிற்கும் வெளிக்கோளத்தின் ஆரம் 0.866 மீட்டர்; அதற்கு 96.4. உண்மை இவ்விரண்டுக்கும் நடுவில்தான் இருக்க முடியும். ஒரே கனஅளவுள்ள வடிவங்களுக்குள் கோளத்துக்கே மின்தேக்குத்திறன் மிகக் குறைவு என்றொரு தேற்றமும் உண்டு. ஒரு கனமீட்டர் கோளத்துக்கு 69.0 வருகிறது. ஆக, 69-க்குக் கீழோ 96.4-க்கு மேலோ விடை தரும் மென்பொருளை அங்கேயே நிறுத்திவிட்டுத் தவறைத் தேடலாம்.

இப்போது கேள்வியைச் சற்று மாற்றுவோம். அந்தக் கனசதுரத்துக்கு ஒரு வோல்ட் கொடுத்தால் அதன் விளிம்பில் மின்புலம் எவ்வளவு? கணிதப்படி முடிவிலி. ஆனால் கணினி அப்படிச் சொல்வதில்லை. ஏதோ ஓர் எண்ணைத் தருகிறது. சிவப்பு வண்ணம் தீட்டி அழகாகவும் காட்டுகிறது. அந்த எண்ணுக்கு இயற்பியலில் பொருளே இல்லை. மொத்தமாகக் கூட்டிச் சொல்லும் அளவுகள், அதாவது ஆற்றல், மின்தேக்குத்திறன், மின்னூட்டம் ஆகியவை, சுமாரான கணக்கிலும் நன்றாகவே வந்துவிடும். ஒரு புள்ளியில் உச்சம் என்ன என்பது அப்படி வருவதில்லை. உயர் மின்னழுத்த வேலையில் இருப்பவர்களுக்குத் தேவைப்படுவதோ பெரும்பாலும் அந்த உச்சம்தான். மின்புலக் கணக்குகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

ஒரே சமன்பாடு, இரண்டு வழிகள்

மின்னூட்டம் இல்லாத வெளியில் மின்னழுத்தம் லாப்லாஸ் சமன்பாட்டுக்குக் கட்டுப்படுகிறது. எளிமையாகச் சொன்னால், எந்தப் புள்ளியின் மின்னழுத்தமும் அதைச் சுற்றி வரைந்த சிறு கோளத்தின் மேலுள்ள மின்னழுத்தங்களின் சராசரி. மின்புலம் என்பது அந்த மின்னழுத்தத்தின் சரிவு. பீங்கான், ரப்பர், காற்று என்று வெவ்வேறு பொருள்கள் சந்திக்கும் இடத்தில் அவற்றின் விடுதிறனும் (புலத்தைப் பொருள் எவ்வளவு தணிக்கிறது என்ற அளவு; வெற்றிடத்தோடு ஒப்பிட்டுச் சொன்னால் ஒப்புமை விடுதிறன்) கணக்குக்குள் வருகிறது. மாறுமின்னோட்டத்துக்கு இந்த நிலைமின்னியல் கணக்கு பொருந்துமா என்ற ஐயம் எழலாம். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6,000 கிலோமீட்டர். பின்னால் நாம் ஆராயப்போகும் மின்கம்பிப் பாதையின் இன்சுலேட்டரோ 4 மீட்டர். ஆகவே ஒவ்வொரு கணத்தையும் நிலையானதாக எடுத்துக்கொள்வதில் குறை இல்லை.

இதைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, கடத்தியின் மேற்பரப்பை மட்டும் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு மின்னூட்டம் இருக்கும் என்று கண்டுபிடிப்பது. இது கணினிக்கு முந்திய வழி. ஹென்றி கேவண்டிஷின் வெளிவராத மின்னியல் ஆய்வுகளைத் தொகுத்து 1879-ல் வெளியிட்ட ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், ஒரு சதுரத் தகட்டை 36 சிறு சதுரங்களாகப் பிரித்து அதன் மின்தேக்குத்திறனைக் கணக்கிட்டார். சதுரத்தின் சமச்சீரால் 36 அறியாத எண்கள் ஆறாகச் சுருங்கிவிடும் என்பதால் கையால் தீர்க்க முடிகிற கணக்கு அது. ஒரு மீட்டர் பக்கமுள்ள தகடு, 0.3607 மீட்டர் ஆரமுள்ள கோளத்துக்குச் சமம் என்பது அவருடைய விடை. இன்றைய மதிப்பு 0.3668. 36 துண்டுகளை வைத்துக்கொண்டு இரண்டு விழுக்காட்டுக்குள் வந்து சேர்ந்ததை இன்றும் வியக்காமல் இருக்க முடியவில்லை. கனசதுரத்துக்கு 1951-ல் ரைடன், ஹிக்கின்ஸ் இருவரும் இதே முறையில் கண்ட மதிப்பு 0.6555, இன்றைய மதிப்பு 0.6607.

இரண்டு விடைகளுமே உண்மைக்குக் கீழே விழுந்ததற்குக் காரணம் உண்டு. உலோகத்தின் மேல் மின்னூட்டம் தானாகப் பரவும்போது மொத்த ஆற்றல் ஆகக் குறைவாக இருக்கும்படியே பரவும். நாம் துண்டுக்குத் துண்டு சீராகப் பரப்பி வைத்தால் ஆற்றல் சற்றுக் கூடும். அதே மின்னூட்டத்துக்கு ஆற்றல் கூடினால் மின்தேக்குத்திறன் குறைந்து தெரியும்.

இரண்டாவது வழி, கடத்தியைச் சூழ்ந்த வெளி முழுவதையும் சிறு நான்முகிகளால் நிரப்புவது. ஒவ்வொரு நான்முகிக்குள்ளும் மின்னழுத்தம் நேர்கோட்டிலோ இருபடியாகவோ மாறுவதாக வைத்துக்கொண்டு, மொத்த ஆற்றல் ஆகக் குறைவாக இருக்கும்படி மூலைகளின் மின்னழுத்தங்களைக் கண்டுபிடிக்கிறோம். இதுதான் ஃபைனைட் எலிமென்ட் முறை. இங்கும் தோராயம் ஆற்றலைக் கூட்டுகிறது. ஆனால் இங்கே கட்டிவைத்திருப்பது மின்னழுத்தத்தை. ஆகவே மின்தேக்குத்திறன் உண்மைக்கு மேலே தெரியும். வடிவம் பிசகாமல் இருக்கும்வரை, ஒரு முறை கீழிருந்தும் மற்றது மேலிருந்தும் உண்மையை நெருக்குகின்றன. இரண்டையும் ஓட்டிப் பார்த்து இடைவெளி ஒரு விழுக்காட்டுக்குள் வந்தால், அதைவிட நல்ல சான்று வேறில்லை.

எதை எப்போது எடுப்பது? மேற்பரப்பு முறையில் வெளியை நிரப்ப வேண்டியதில்லை; வெளி எல்லையும் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு துண்டும் மற்ற எல்லாத் துண்டுகளோடும் பேசுகிறது. 10,000 துண்டுகள் என்றால் 10 கோடி எண்கள், 800 மெகாபைட். ஒரு லட்சம் துண்டுகளுக்கு 80 கிகாபைட். 1987-ல் கிரீன்கார்ட், ரோக்லின் இருவரும் தந்த விரைவுப் பல்முனை முறை, தொலைவிலுள்ள துண்டுகளைக் கூட்டமாகச் சேர்த்துக் கணக்கிட்டு இந்தச் சுமையைக் குறைத்தது. 1991-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ஃபாஸ்ட்கேப் நிரல் அதைப் பயன்படுத்தி, சிப்புகளின் நுண்கம்பிகளுக்கு இடையிலான மின்தேக்குத்திறனைக் கணக்கிட்டது. பல பொருள்கள் அடுக்கடுக்காக இருக்கும்போதும், விடுதிறன் இடத்துக்கு இடம் மாறும்போதும் நான்முகி முறையே வசதி. அதில் ஒவ்வொரு கணுவும் (நான்முகிகளின் மூலைப்புள்ளி) அருகிலுள்ள பதினைந்து கணுக்களோடு மட்டுமே பேசும் என்பதால் பல லட்சம் கணுக்கள் மடிக்கணினியிலும் ஓடிவிடும். கீழே வருவன பெரும்பாலும் அந்த முறையைப் பற்றியவை.

விடை தெரிந்த கணக்கில் தொடங்குங்கள்

உண்மையான பொருளைத் தொடும் முன் ஒருமைய கோளங்களைச் செய்து பார்க்க வேண்டும். மெஷ் (நான்முகிகளாலான வலை) போட ஜிமெஷ், தீர்வு காண எல்மர் போன்ற இலவச மென்பொருள்களே போதும். உட்கோள ஆரம் 10 மி.மீ., வெளிக்கோள உள்ஆரம் 20 மி.மீ., இடையில் காற்று, உள்ளே 1,000 வோல்ட், வெளியே சுழி. சரியான விடைகள்: மின்தேக்குத்திறன் 2.225 பைக்கோஃபாரட், உட்கோளப் பரப்பில் மின்புலம் மி.மீ.க்கு 200 வோல்ட். வெளிக்கோளப் பரப்பில் 50 வோல்ட்.

சமச்சீரைப் பயன்படுத்தி எட்டில் ஒரு பங்கை மட்டும் வரைந்தால் போதும். வெட்டிய மூன்று முகங்களிலும் எதையும் குறிப்பிடாமல் விட வேண்டும். அப்படி விட்டால் புலக்கோடுகள் அந்த முகத்தைக் கடக்காது என்று நிரல் எடுத்துக்கொள்ளும், நமக்கு வேண்டியதும் அதுதான். விடை 0.278 பைக்கோஃபாரட் என்று வந்தால் பதற வேண்டாம், எட்டால் பெருக்க மறந்திருக்கிறோம். 2,225 என்று வந்தால் மில்லிமீட்டரில் வரைந்ததை நிரல் மீட்டராக எடுத்துக்கொண்டிருக்கிறது. மின்புலமும் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். ஜிமெஷுக்கு அலகு என்று எதுவும் தெரியாது. எல்மரில் ஆயத்தொலைவுகளை 0.001-ஆல் பெருக்கச் சொல்லும் வரியைச் சேர்க்க வேண்டும்.

மின்தேக்குத்திறன் சரியாக வந்த பிறகு உட்கோளத்தின் மேல் மின்புலத்தைப் பாருங்கள். 1 மி.மீ. நான்முகிகளை நேர்கோட்டு வகையில் போட்டிருந்தால் 200 வராது. 182 அளவில்தான் நிற்கும். நேர்கோட்டு நான்முகிக்குள் மின்புலம் மாறாத ஒரே எண். அது பரப்பிலிருந்து ஒரு மி.மீ. வரையிலான சராசரி. கோளத்தை விட்டு விலக விலகப் புலம் வேகமாகக் குறைவதால் சராசரி உச்சத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது. 0.25 மி.மீ. ஆக்கினால் 195 வரும். இருபடி நான்முகிக்கு மாறினால் மெஷ்ஷை இவ்வளவு நுணுக்காமலே 200-ஐத் தொட்டுவிடலாம். மின்தேக்குத்திறன் ஒரு விழுக்காட்டுக்குள் சரியாக இருக்கும் அதே கணக்கில் உச்ச மின்புலம் ஒன்பது விழுக்காடு தவறாக இருக்க முடியும் என்பதை இந்தச் சின்னச் சோதனை கண்முன் காட்டிவிடுகிறது.

வளைந்த பரப்பைத் தட்டையான முக்கோணங்களால் மூடும்போது இன்னொரு தவறும் சேர்ந்துகொள்ளும். 10 மி.மீ. ஆரத்தில் 2 மி.மீ. முக்கோணம் போட்டால், அதன் நடுப்பகுதி உண்மையான பரப்பிலிருந்து 0.07 மி.மீ. அளவில் உள்ளே விழுகிறது. அதைவிடத் தொல்லை, முக்கோணங்கள் சந்திக்கும் கோடுகள் போலி விளிம்புகளாகி, வழவழப்பான கோளத்தின் மேல் புள்ளிபுள்ளியாகச் சிவப்பைக் காட்டும். வளைவுள்ள இருபடி நான்முகிகள் இதையும் பெருமளவு சரிசெய்கின்றன.

வெளி எல்லையை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். தனித்து நிற்கும் கோளத்தைக் கணக்கிட, அதைப் போல 10 மடங்கு ஆரமுள்ள வெளிக்கோளத்தைச் சுழி மின்னழுத்தத்தில் வைத்தால், மின்தேக்குத்திறன் 11 விழுக்காடு கூடிவிடும். 100 மடங்கில் வைத்தாலும் ஒரு விழுக்காடு தவறு மிஞ்சும். "பெட்டியைப் பெரிதாக வைத்தேன்" என்ற சொல் ஆறுதல் தரலாம், கணக்கைக் காப்பாற்றாது. மொத்த மின்னூட்டம் சுழியாக இருக்கும் அமைப்புகளில் புலம் விரைவாகத் தேய்வதால் சிறிய பெட்டியே போதும். தனித்த மின்னூட்டம் என்றால் முடிவிலி வரை நீளும் சிறப்பு நான்முகிகளையோ மேற்பரப்பு முறையையோ நாடுவதே சரி.

விளிம்பில் நடப்பது

பள்ளிப் பாடத்தில் கூர்முனைச் செயல்பாடு என்று படித்ததன் கணக்கு வடிவம் இது. செங்கோண உலோக விளிம்பை நெருங்கும்போது, மின்புலம் தொலைவின் கனமூலத்துக்குத் தலைகீழாக ஏறுகிறது. தொலைவு எட்டில் ஒன்றானால் புலம் இரண்டு மடங்கு. இதன் விளைவு மெஷ்ஷில் உடனே தெரியும்: விளிம்பருகே நான்முகிகளைப் பாதியாக்கினால் உச்ச எண் 26 விழுக்காடு ஏறும். மறுபடி பாதியாக்கினால் மறுபடி 26. எங்கும் நிற்காது. கத்தி முனை போன்ற மெல்லிய தகட்டின் ஓரத்தில் இது 41 விழுக்காடு. கனசதுரத்தின் மூலையில் ஏறக்குறைய 46.

ஆகவே மெஷ்ஷைப் பாதியாக்கும்போதெல்லாம் உச்சம் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் கூடிக்கொண்டே போனால், அது மெஷ் போதாமை அல்ல. வரைபடத்தில் கூர்மை இருக்கிறது. இன்னும் பெரிய கணினி வாங்கினாலும் தீராது. தீர்வு வடிவத்தில் இருக்கிறது: உண்மையான பொருளில் அந்த விளிம்புக்கு என்ன வளைவு உண்டோ அதை வரைய வேண்டும். கடைசலில் பிசிறு நீக்கிய விளிம்புக்கும் சிறிதளவு வளைவு இருக்கவே செய்யும். 0.5 மி.மீ. ஆரம் என்றால் அந்த வளைவின் மேல் முக்கோணங்கள் 0.06 மி.மீ. அளவில் இருக்க வேண்டும், அதாவது ஆரத்தில் எட்டில் ஒரு பங்கு. அப்போது உச்சம் ஒரு மதிப்பில் வந்து நிற்கும். நிற்கும் எண்ணைத்தான் அறிக்கையில் எழுதலாம்.

எல்லா விளிம்புகளுக்கும் இந்தப் பாடு தேவையில்லை. நமக்கு வேண்டாத இடத்தில் கூர்மை இருந்தால் விட்டுவிடலாம். அது தன் அண்டையைத் தவிர மற்றதைக் கெடுப்பதில்லை. எந்த விளிம்பு முக்கியம் என்று முடிவு செய்வது பொறியாளரின் வேலை, மென்பொருளின் வேலை அல்ல.

பரப்பின் மேல் நிற்கும் சின்னஞ்சிறு மேடும் இந்த வகைதான். வழவழப்பான உலோகத்தின் மேல் அரைக்கோள வடிவில் ஒரு வெல்டிங் பொட்டு இருந்தால் அதன் உச்சியில் புலம் மூன்று மடங்கு. பொட்டின் ஆரம் 5 மி.மீ. ஆனாலும் 0.5 மி.மீ. ஆனாலும் அதே மூன்று. மாறுவது, அந்தப் பெருக்கம் எவ்வளவு தூரத்துக்குப் பரவும் என்பதுதான். காற்று முறிய, புலம் கொஞ்ச தூரமாவது பலமாக இருக்க வேண்டும் என்பதால் சிறு பொட்டு பெரும்பாலும் தீங்கு செய்யாமல் விட்டுவிடுகிறது.

400 கிலோவோல்ட் இன்சுலேட்டர்: முழுக் கணக்கு

இப்போது உண்மையான பொருளுக்கு வருவோம். இந்தியாவின் 400 கிலோவோல்ட் பாதைகளில் கோபுரத்திலிருந்து தொங்கும் பீங்கான் தொடரில் பொதுவாக 23 தட்டுகள் இருக்கும். முதலில் மின்னழுத்தம் எவ்வளவு என்று சரியாக எடுக்க வேண்டும். 400 என்பது இரு கம்பிகளுக்கு இடையிலான ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது மாறும் அலையின் உச்சத்தை 1.414-ஆல் வகுத்தது. கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே 231 கிலோவோல்ட். அதன் உச்சம் 327. காற்று முறியும் அளவு என்று சொல்லப்படும் மி.மீ.க்கு 3 கிலோவோல்ட் உச்ச மதிப்பு; ஆர்எம்எஸ் கணக்கில் அது 2.1. ஒன்றில் ஆர்எம்எஸ்ஸும் மற்றதில் உச்சமும் வைத்து ஒப்பிட்டால் 41 விழுக்காடு பாதுகாப்பு இருப்பதுபோலப் பொய்யாகத் தோன்றும். எந்த மெஷ் நுணுக்கமும் இந்தத் தவறைக் கண்டுபிடிக்காது.

231-ஐ 23 தட்டுகள் சமமாகப் பங்கிட்டால் தட்டுக்கு 10 கிலோவோல்ட். ஆனால் சமமாகப் பங்கிடுவதில்லை. ஒவ்வொரு தட்டின் சொந்த மின்தேக்குத்திறன் சில பத்து பைக்கோஃபாரட். ஒவ்வொரு தட்டின் உலோகத் தொப்பிக்கும் கோபுரத்துக்கும் நடுவே காற்றின் வழியே இன்னும் சில பைக்கோஃபாரட் இருக்கிறது. அந்த வழியாகக் கசியும் மின்னோட்டம் அனைத்தையும் கம்பிப் பக்கத் தட்டு சுமந்து அனுப்ப வேண்டியிருப்பதால், அதன் மேல் விழும் மின்னழுத்தம் சராசரியைவிட வெகுவாகக் கூடுகிறது. கொரோனா (கடும் புலத்தில் காற்று அயனியாகி மின்னூட்டம் கசிவது) வளையம் மாட்டுவது இதைச் சமன்செய்யத்தான்: கம்பியோடு இணைந்த வளையம், அருகிலுள்ள தொப்பிகளுக்குத் தன் பக்கமிருந்து மின்னோட்டம் தந்து கசிவை ஈடுகட்டுகிறது. தொடரும் வளையமும் மட்டும் என்றால் அச்சுச் சமச்சீர் உண்டு, இருபரிமாணக் கணக்கே போதும். கோபுரத்தின் கை, இரட்டை அல்லது நான்கு கம்பிக் கற்றை, பக்கத்துக் கட்டங்களின் (ஃபேஸ்) கம்பிகள் ஆகியவைதான் முப்பரிமாணத்துக்கு இழுக்கின்றன. கற்றையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் கம்பிப் பக்க மின்புலம் உண்மையைவிடக் கூடுதலாகவே வரும். கற்றை உண்மையில் ஒரு மறைப்புப் போல வேலை செய்கிறது.

இந்த மாதிரியில் அடிக்கடி நிகழும் பெருந்தவறு ஒன்று உண்டு. நடுவிலுள்ள தொப்பிகளும் பின்களும் (தட்டுகளைக் கோக்கும் உலோகத் தண்டுகள்) மின்னழுத்தம் தரும் எதனோடும் இணைக்கப்படாத, மிதக்கும் உலோகங்கள். உலோகத்துக்குள் புலம் கிடையாது என்பதால் அதை மெஷ்ஷில் துளையாக விட்டுவிடுகிறார்கள். அதுவரை சரி. ஆனால் அந்தத் துளையின் பரப்பில் எந்த நிபந்தனையும் கொடுக்காவிட்டால், மேலே சமச்சீர் முகத்தில் நடந்தது இங்கும் நடக்கும்: புலக்கோடுகள் அதற்குள் நுழைய முடியாமல் சுற்றிக்கொண்டு போகும். உண்மையான உலோகம் செய்வது நேரெதிர். புலக்கோடுகள் அதன் பரப்பில் செங்குத்தாக வந்து இறங்க வேண்டும். படம் பார்வைக்கு நம்பும்படியாகவே இருப்பதால் இந்தத் தவறு பலநாள் ஒளிந்திருக்கும். சரியான நிபந்தனை: பரப்பு முழுவதும் ஒரே மின்னழுத்தம், அது எவ்வளவு என்று தெரியாது, மொத்த மின்னூட்டம் சுழி. இந்த வசதி இல்லாத மென்பொருளில் அந்த உலோகத்தை மிகப் பெரிய விடுதிறன் கொண்ட பொருளாகக் கொடுப்பது வழக்கம். 10,000 அளவில் கொடுத்தால் போதும்; நூறு கோடி கொடுத்தால், விடையைத் திரும்பத் திரும்பத் திருத்தித் தீர்வுகாணும் படி தடுமாறும்.

மெஷ் அளவுக்கு வருவோம். 4 × 2 × 2 மீட்டர் பெட்டியை 1 மி.மீ. நான்முகிகளால் சீராக நிரப்பினால் 13,500 கோடிக்கு மேல் வரும். எந்த மடிக்கணினியும் இதைத் தாங்காது. வளையத்தின் பரப்பில் 1 முதல் 2 மி.மீ., அங்கிருந்து விலக விலகப் பெரிதாகிப் பெட்டியின் சுவரருகே 200 மி.மீ. என்று படிப்படியாக விட்டால் சில லட்சங்களில் முடிந்துவிடும். அடுத்தடுத்த நான்முகிகள் 1.3 மடங்குக்கு மேல் பெருகாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. திடீரென்று பெருகினால் தட்டையாக நசுங்கிய நான்முகிகள் உருவாகித் தீர்வை மெதுவாக்கும்.

வரைபடத்தைச் சுத்தம் செய்வதில்தான் நேரம் போகும். தயாரிப்பாளர் தரும் கோப்பில் நட்டு, மரை, பொறித்த எழுத்து எல்லாம் இருக்கும். 0.01 மி.மீ. அகலமுள்ள ஒரு மெல்லிய முகம் மிச்சமிருந்தாலும் மெஷ் அந்த இடத்தில் வெடித்துப் பெருகும். பீங்கானும் அதைப் பிடித்திருக்கும் சிமென்ட்டும் தனித்தனிக் கனவடிவங்களாக வரையப்பட்டிருந்தால், ஒட்டியிருக்கும் முகம் இரண்டாக இருக்கும். கணுக்கள் பொதுவாக இருக்காது. கணக்கில் நடுவே ஒரு கண்ணுக்குத் தெரியாத சுவர் எழும்பிவிடும். ஜிமெஷில் பூலியன் ஃப்ராக்மென்ட்ஸ் என்ற கட்டளை இரண்டு முகத்தையும் ஒன்றாக்கும். மெஷ் போடும் முன் அதைச் செய்ததை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

சிலிக்கான் ரப்பர் இன்சுலேட்டரில் பார்க்க வேண்டிய இடம் வேறு: உலோக முனை, ரப்பர், காற்று மூன்றும் சந்திக்கும் வளையக் கோடு. அங்கே கோணத்தைப் பொறுத்துப் புலம் மீண்டும் முடிவிலிக்குப் போக முயலும். அந்தக் கோட்டின் மேலேயே எண்ணைப் படிப்பது வீண். அதனால்தான் துறையில் வழங்கும் வரம்பு ஒரு புள்ளியைச் சொல்லாமல் நீளத்தைச் சொல்கிறது: ரப்பர் உறையின் பரப்புக்கு 0.5 மி.மீ. மேலே, மி.மீ.க்கு 0.42 கிலோவோல்ட் ஆர்எம்எஸ் என்ற அளவு, இன்சுலேட்டரின் நீளவாக்கில் 10 மி.மீ.க்கு மேல் தொடர்ந்து மிஞ்சக் கூடாது. நனைந்த ரப்பரின் மேல் நீர்த்துளிகளிலிருந்து கொரோனா எழுந்து உறையை அரித்துவிடாமல் காப்பதே இதன் நோக்கம். இந்த வரம்பைச் சோதிக்க, 0.5 மி.மீ. மேலே ஒரு கோட்டை வரைந்து, அதன் வழியே புலத்தை எடுத்து, 0.42-ஐத் தாண்டும் நீளத்தை அளக்க வேண்டும். ரப்பருக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு நான்முகிகளாவது இருந்தால்தான் அந்தப் படிப்பு நம்பத் தக்கது.

உள்ளே ஒளிந்திருக்கும் காற்றிடைவெளியையும் மறக்கக் கூடாது. கேபிளின் எக்ஸ்எல்பிஇ (குறுக்கிணைத்த பாலிஎத்திலீன்) காப்புக்கு ஒப்புமை விடுதிறன் 2.3. அதற்குள் புலத்துக்குக் குறுக்கே தட்டையாக ஒரு காற்றுப்படலம் இருந்தால் அதில் புலம் 2.3 மடங்கு, உருண்டைக் குமிழியானால் 1.23 மடங்கு. பீங்கானில், விடுதிறன் 6 என்றால், தட்டைப் படலத்தில் 6 மடங்கு, குமிழியில் 1.38. காற்று திடப்பொருளைவிட முன்னதாக முறியும் என்பதால் அங்கேதான் பகுதி மின்னிறக்கம் (காப்பை முழுதும் கடக்காத சிறு பொறி) தொடங்கும். வரைபடத்தில் ஒட்டியிருப்பதாகக் காட்டப்பட்ட முகங்கள் உண்மையில் ஒட்டியிருக்கின்றனவா என்று தயாரிப்பவரைக் கேட்காமல் கணக்கை முடிக்கக் கூடாது.

தீர்வு வந்ததும் மூன்று சோதனைகளைச் செய்துவிட வேண்டும். மின்தேக்குத்திறனை ஆற்றலிலிருந்தும் பரப்பு மின்னூட்டத்திலிருந்தும் தனித்தனியே எடுத்து ஒப்பிடுவது ஒன்று. ஒரு விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் பரப்பு மெஷ் போதவில்லை. மிதக்கும் தொப்பிகளின் மின்னழுத்தம் கோபுரத்திலிருந்து கம்பி வரை ஏறிக்கொண்டே போகிறதா என்று வரிசையாக அச்சிட்டுப் பார்ப்பது இன்னொன்று. தீர்வுகாணும் படியை எச்சம் (சமன்பாடுகளில் இன்னும் மிஞ்சும் பிழை) ஆயிரத்தில் ஒன்று ஆனவுடன் நிறுத்தியிருந்தால் இந்த வரிசை குலைந்திருக்கும்; பத்துக் கோடியில் ஒரு பங்கு வரை போக விடுங்கள். கடைசியாக, முக்கியமான இடத்தில் மட்டும் மெஷ்ஷைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது. ஏற்றம் ஒவ்வொரு முறையும் சுருங்கினால் நாம் உண்மையை நெருங்குகிறோம்.

நேர்மின்னோட்டத்தில் கணக்கே மாறுகிறது

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை 1,765 கிலோமீட்டர் நீளும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை 6,000 மெகாவாட் சுமக்கும்படி அமைக்கப்பட்டது. அத்தகைய பாதையின் இன்சுலேட்டருக்கு மேலே சொன்ன கணக்கை அப்படியே ஓட்டினால் விடை தவறு, மெஷ் எவ்வளவு நன்றாக இருந்தாலும். மாறுமின்னோட்டத்தில் பொருள்களுக்கிடையே புலத்தைப் பங்கிடுவது விடுதிறன். நேர்மின்னோட்டத்தில், நிலைபெற்ற பிறகு, பங்கிடுவது கடத்துதிறன். விடுதிறன்கள் 1-க்கும் 6-க்கும் இடையில் அடங்கிவிடுகின்றன. கடத்துதிறனோ வெப்பம், ஈரம், அழுக்கு இவற்றால் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று மாறும்.

ஒரு நிலையிலிருந்து மற்றதுக்கு மாற எடுக்கும் காலம், விடுதிறனைக் கடத்துதிறனால் வகுத்தால் கிடைக்கும். ஒப்புமை விடுதிறன் 3, கடத்துதிறன் மீட்டருக்குக் கோடிக் கோடியில் ஒரு பங்கு சீமென்ஸ்... என்று சொல்லிப் பார்ப்பதைவிட, பத்தின் அடுக்கு கழித்தல் 14 என்று வைத்துக்கொண்டால் 44 நிமிடம் வருகிறது. இணைத்த கணத்தில் விடுதிறன் கணக்கு. சில மணிநேரம் கழித்துக் கடத்துதிறன் கணக்கு. துருவத்தைத் திருப்பிப் போட்டால் பழைய மின்னூட்டமும் புதிய மின்னழுத்தமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய மூன்றாவது கணக்கு. இந்த மூன்றையும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். ரப்பரின் கடத்துதிறனை ஒரே எண்ணாகக் கொடுக்காமல், பத்து மடங்கு கூட்டியும் பத்து மடங்கு குறைத்தும் மறுபடி ஓட்டி, உச்ச மின்புலம் எந்த இடத்துக்கு நகர்கிறது என்று பார்த்த பிறகே வளையத்தின் அளவை முடிவு செய்ய வேண்டும்.